அம்மா விழுந்த ஸ்பீட் பிரேக்கர்: ரோட்டுலயும் சாப்பாட்டுலயும் நீங்க விட்டுக்குடுக்காத விஷயம் எது?

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதான் மொதத் தடவ. மூணு வாரத்துக்கு முன்னாடி அம்மாவ வண்டில வச்சு ஒரு வளைகாப்புக்குப் போயிட்டுத் திரும்பிட்டு இருந்தேன். ராத்திரி ஒம்பது மணி இருக்கும், நத்தம் பக்கம் ஒரு உள்ரோடு. ஒரு ஊருக்கு முன்னாடி ஸ்பீட் பிரேக்கர், வெள்ளக்கோடு இல்ல, போர்டு இல்ல, தெருவிளக்கு எரியல. எதுத்தாப்ல ஒரு கார் ஹைபீம்ல வந்துச்சு. நான் நாப்பதுலதான் வந்தேன், கண்ணு கூசி ஒண்ணும் தெரியல, வண்டி ஏறி எறங்குச்சு, இடுப்புல வெட்டுன மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா பின்னாடி அம்மா இல்ல.

ஒருக்களிச்சு உக்காந்திருந்தாங்க, ஒரு கை என் தோள்ல, இன்னொரு கைல தாம்பூலப் பையும் வளையல் பொட்டலமும். தலையில ஏழு தையல், காறை எலும்பு முறிஞ்சிருக்கு. ஸ்கேன் பாத்துட்டு உள்ள ரத்தக்கசிவு இல்லன்னு டாக்டர் சொன்ன அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அந்த ஊர்ல புரோட்டா கடையில மாவு பெசஞ்சுட்டு இருந்த ஒரு தம்பி ஓடி வந்து தன் துண்ட வச்சு காயத்த அமுத்திப் பிடிச்சான், 108க்கு அடிச்சதும் அவன்தான், எனக்குக் கை நடுங்கி போன்ல நம்பரே அழுத்த முடியல.

இப்ப என்னைய அரிச்சுக்கிட்டே இருக்கது என்னன்னா நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், அம்மாவுக்கு இல்ல. நான் ஏன் போட்டேன்னு யோசிச்சா மாட்டுத்தாவணிகிட்ட செக்கிங் இருக்கும், ஆயிரம் ரூவா போயிரும்னுதான். 2015 ஜூலைல இருந்தே பின்னாடி உக்கார்றவங்களுக்கும் கட்டாயம்னு ஹைகோர்ட் சொல்லிருச்சு, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சே இத்தன வருஷமா அம்மாவ வெறுந்தலையோட கூட்டிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

அதான் கேக்குறேன். ரோடோ, வெளிச் சாப்பாடோ, கரண்டோ, கேஸோ, உங்க வீட்டுல என்ன ஆனாலும் விட்டுக்குடுக்க மாட்டோம்னு ஒரு விஷயம் வச்சிருந்தா எழுதுங்க. படிக்கிற நாலு பேருக்கு உதவும்.

பறக்கும் ரயில் (சென்னை)

அம்மா நல்லா ஆயிடுவாங்க சார், கவலப்படாதீங்க. நீங்க எழுதுனது எங்க எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022 அறிக்கைல ஹெல்மெட் போடாம செத்தவங்க நாடு முழுக்க 50,029 பேர், அதுல 14,337 பேர் பின்னாடி உக்காந்து வந்தவங்க. அதப் படிச்ச அன்னிக்கு நான் பண்ண மொத வேல எங்க வீட்டம்மாவுக்குத் தனியா ஒரு ஹெல்மெட் வாங்குனதுதான்.

என்னோட விட்டுக்குடுக்காத விஷயம் பட்டை. ஹெல்மெட்ட தலைல கவுத்துட்டு தாடைப்பட்டைய மாட்டாம போறவங்கள டெய்லி நூறு பேர் பாக்கறேன், விழுந்தா மொதல்ல ஹெல்மெட்தான் தனியா பறக்கும். அப்புறம் ரோட்டோரம் குமிச்சு வச்சு விக்கறாங்களே, அத வாங்காதீங்க, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட் 2021 ஜூன்ல இருந்து விக்கவே கூடாது. ஸ்டிக்கர மட்டும் ஒட்டி ஏமாத்தறவங்களும் இருக்காங்க, அதனால கம்பெனி ஷோரூம்லயோ தெரிஞ்ச கடையிலயோ பில்லோட வாங்குங்க. ஒரு தடவ அடி வாங்குன ஹெல்மெட் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள இருக்கற தெர்மோகோல் மாதிரி பாகம் நசுங்கி இருக்கும், அத மறுபடி போடக்கூடாது.

நாமக்கல் லைன்

22 வருஷமா ஸ்டேரிங் புடிக்கறனுங்க. மொதல்ல நம்ம மதுரைத் தம்பியோட அம்மாவுக்கு சீக்கிரம் கொணமாகட்டும்.

கேபின்ல ஒக்காந்தா எங்களுக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு நெறயப் பேருக்குத் தெரியறதில்லீங்க, அதச் சொல்றேன். லாரிக்கு லெஃப்ட் சைடுல ஒட்டி வர்ற பைக் எங்க கண்ணுக்கு வராது, கண்ணாடியில ஒரு நொடி வந்துட்டு மறைஞ்சுடும். முன்னாடி பம்பர ஒட்டி நிக்கறவங்களும் தெரியாது. சிக்னல்ல எல்லா வண்டியையும் வளைச்சுக் கொண்டாந்து லாரி மூக்குக்கு முன்னாடி நிறுத்தறாங்க பாருங்க, பச்ச விழுந்ததும் நாங்க எடுக்கறப்ப கீழ ஒரு ஆளு இருக்கறதே தெரியாதுங்க. எங்க சைடு கண்ணாடில டிரைவர் மூஞ்சி உங்களுக்குத் தெரியலைன்னா, நீங்க அங்க இருக்கறது அந்த டிரைவருக்குத் தெரியலைன்னு வெச்சுக்கங்க. லெஃப்ட்ல திரும்பற லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல மட்டும் தயவுசெஞ்சு பூந்துடாதீங்க, வண்டி திரும்பறப்ப பின் டயரு முன் டயரு போன தடத்துல போகாது, உள்ளுக்கு வெட்டித்தான் வரும். நான் பாத்த மோசமான சாவெல்லாம் அந்த எடத்துலதான்.

எங்காளுங்களுக்கும் ஒண்ணு சொல்லோணும். தொப்பூர் கணவாய் எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு ஒரு பழைய பழக்கம் இருக்குதுங்க. கியர்ல இருந்தாத்தான் இன்ஜினு வண்டியப் புடிச்சு எறக்கும், நியூட்ரல்ல விட்டா முழு லோடையும் பிரேக் ஒண்ணே தாங்கி சூடேறி, பாதி எறக்கத்துல மிதிச்சாலும் புடிக்காது. எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் அப்படித்தான் போனான்.

நான் விட்டுக்குடுக்காதது தூக்கம். ராத்திரி ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணிக்குள்ள கண்ணு ஒரு தடவ செருகுச்சுன்னா ஓனர் என்ன திட்டுனாலும் வண்டிய ஓரங்கட்டிருவேன். டீ குடிச்சா தூக்கம் போயிரும்ங்கறது பொய்யுங்க, அரை மணி நேரம் தள்ளித்தான் போவும்.

ரெண்டு புள்ளைக்காரி (விழுப்புரம்)

லாரி அண்ணே, நீங்க சொன்னதெல்லாம் சரி, ஆனா ராத்திரில ரோட்டோரமா ஒரு லைட்டும் இல்லாம நிறுத்தி வச்சிருக்கற லாரி மேல மோதி எங்க பெரியப்பா மவன் செத்துட்டாரு. அதப் பத்தியும் சொல்லுங்க.

நாமக்கல் லைன்

தங்கச்சி, அதுக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டனுங்க. தப்புத்தான். வண்டி பிரேக்டவுன் ஆனாக்கூட பின்னாடி முக்கோணம் வெக்கோணும், பார்க்கிங் லைட்டு போடோணும், செவப்பு ஸ்டிக்கரு பளபளன்னு இருக்கோணும், சேறு மூடியிருந்தா தொடைக்கோணும். வர்றவன் நூறுல வர்றான், அவன் பாத்து மிதிச்சு நிக்கறதுக்கு எடம் வேணுமில்ல, அதனால முக்கோணத்த வண்டி வாலுலயே வெக்காம நல்லாத் தள்ளிக் கொண்டுபோயி வெக்கோணும். மரக்கொப்ப ஒடிச்சுப் போடறதும் கல்லை வெச்சுட்டு அப்படியே விட்டுட்டுப் போறதும் பெரிய பாவம், பின்னாடி வர்ற பைக்காரன் அதுல விழுவான்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. பத்து மணி நேரம் ஓட்டுனவன் நிறுத்தறதுக்கு எடமே இல்லாம ரோடு போட்டா அவன் எங்க நிறுத்துவான்? டோல்கேட்டு கட்டுன அளவுக்கு லாரி நிறுத்தற எடம் கட்டல. நேஷனல் ஹைவேல எங்காச்சும் இருட்டுல வண்டி நிக்கறதப் பாத்தா 1033க்கு அடிச்சுச் சொல்லுங்க, ரோந்து வண்டி வரும், நான் சொல்லிருக்கறன், வந்துருக்குது.

திட்டச்சாலை (திருச்சி)

ரோடு வேலைல சைட் இன்ஜினியரா இருக்கேன். இழை ஆரம்பிச்சவரோட ஸ்பீட் பிரேக்கருக்கு வர்றேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்ற அளவு என்னன்னா அகலம் 3.7 மீட்டர், நடுவுல உயரம் 10 சென்டிமீட்டர். அதாவது ஒரு கார் நீளம் அளவுக்குப் பரவி, மெதுவா ஏறி மெதுவா எறங்கணும், 25 கிலோமீட்டர் வேகத்துல வந்தா இடுப்புல அடிக்காது. நம்ம ஊர்கள்ல இருக்கறது ஒரு அடி அகலத்துல முக்கா அடி உயரத்துல ஒரு திண்டு. அது வேகத்தக் குறைக்காது, முதுகெலும்ப ஒடிக்கும். நேஷனல் ஹைவேயில பொதுவா ஸ்பீட் பிரேக்கரே கூடாது. கோடும் போர்டும் இல்லாத ஸ்பீட் பிரேக்கர நான் ரோட்டுல கெடக்கற பாறாங்கல்லாத்தான் பாக்கறேன். பாதிக்கு மேல யாரோட அனுமதியும் இல்லாம ஊர்க்காரங்களே போட்டது, எங்க வேல நடக்கறப்ப மிச்சத் தாரை ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போயி போட்டுருவாங்க. இத நிறுத்தணும்ங்கறது என் கருத்து.

கீழத்தெரு (புதுக்கோட்டை மாவட்டம்)

இன்ஜினியர் அண்ணன் கோவிச்சுக்க வேணாம், ராத்திரியோட ராத்திரியா போட்டது நாங்கதான். எங்க ஊரு பள்ளிக்கூடம் ரோட்ட ஒட்டியே இருக்கு. ரோட்ட நல்லா வழவழன்னு போட்டுக் குடுத்தாங்க, சந்தோசப்பட்டோம், அடுத்த ஆறு மாசத்துல ரெண்டு புள்ளைங்கள அடிச்சுட்டான், ஒண்ணு மூணாப்பு படிச்ச புள்ள, எங்க பக்கத்து வீடு. ஊர்கூடி மனு குடுத்தோம், மறியல் பண்ணோம், வந்து பாக்குறோம் வந்து பாக்குறோம்னே சொன்னாங்க. கடைசில ஊராளுங்க சேந்து போட்டுட்டாங்க. அளவு தெரியாது, ஒசரமாத்தான் இருக்கு, நானே ஒத்துக்குறேன். ஆனா அதுக்கப்பறம் ஒரு புள்ள கூட அடிபடல. ஒங்க அளவுல போட்டுக் குடுக்க ஆளு வந்திருந்தா நாங்க ஏன் தார் வாளிய தூக்கப் போறோம்.

ஒண்ணு மட்டும் நாங்க தவறாம செய்யுறது. வருசா வருசம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறப்ப அந்த மேட்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சுருவோம். மழைல போச்சுன்னா மறுபடி அடிப்போம். எங்க மேட்டுல ஒருத்தரும் விழுகக்கூடாதுல்ல.

திட்டச்சாலை (திருச்சி)

அக்கா, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். நான் ஆபீஸ்ல உக்காந்து அளவு பேசறேன், உங்க ஊர்ல புள்ள அடிபட்டிருக்கு. நிறுத்தணும்னு சொன்னத அப்படியே சொல்லமாட்டேன். ஆனா அந்த மேட்ட இடிக்காம சரி பண்ணலாம், ரெண்டு பக்கமும் சரிவ நீட்டி இழுத்து விட்டா போதும், பெரிய செலவே இல்ல. அதுக்கு முன்னாடி கொஞ்ச தூரத்துல கடகடன்னு அதிருற வெள்ளைப் பட்டைகள், அதுக்கும் முன்னாடி ஸ்கூல் போர்டு. கிராம சபையில தீர்மானமா போட்டு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல குடுத்து ரசீது வாங்கி வச்சுக்குங்க. பேச்சா சொன்னா எங்க டிபார்ட்மெண்ட்ல யாருக்கும் நினைவிருக்காது, நம்பர் போட்ட பேப்பருக்கு யாராவது பதில் எழுதியே ஆகணும். சுண்ணாம்பு மழைக்கு நிக்காது, ரோட்டு பெயிண்டுல பொடிக்கண்ணாடி மணி கலந்திருக்கும், லைட் பட்டா மின்னும், அத கேட்டு வாங்குங்க.

கல்லா பக்கம் (கரூர்)

சாப்பாட்டப் பத்தி யாரும் பேசலயே. எட்டு வருசம் ஹோட்டல் கிச்சன்ல வேல, இப்ப சொந்தமா சின்ன டிபன் கடை. உள்ள இருந்து பாத்தவன்ங்கறதால சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

சனங்க பயப்படறது எல்லாம் அஜினோமோட்டோ, கலர் பவுடர், பிராய்லர் கோழி ஊசி இதுக்குத்தான். கலர் தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா சாப்பிட்ட அன்னிக்கு ராத்திரியே வாந்தி பேதியில படுக்க வைக்கறது பெரும்பாலும் நேரமும் சூடும் கையும்தாங்க. சமைச்ச பொருள் ஒண்ணா 60 டிகிரிக்கு மேல ஆவி பறக்க இருக்கணும், இல்ல 5 டிகிரிக்குக் கீழ பிரிட்ஜ்ல இருக்கணும், நடுவுல வெதுவெதுன்னு கெடந்தா அதுலதான் கிருமி பெருகும். இப்ப யோசிச்சுப் பாருங்க, காலைல ஆறு மணிக்கு அரைச்ச தேங்காய்ச் சட்னி பதினொரு மணிக்கும் அதே தூக்குல அதே கரண்டியோட இருக்கும், நடுவுல தண்ணி ஊத்தி வேற நீட்டுவாங்க. எங்க கடைல சட்னி கொஞ்சம் கொஞ்சமாத்தான் அரைப்போம், ஒம்பதரைக்கு மேல மிச்சமானா கொட்டிருவேன், எங்க வீட்டம்மா திட்டும், கொட்டிருவேன்.

ஷவர்மாவுக்கு வாங்க. 2022ல காசர்கோடு பக்கம் ஒரு பொண்ணு, 2023ல நம்ம நாமக்கல்ல ஒரு பொண்ணு, ஷவர்மா சாப்பிட்டு செத்துப் போச்சுங்க, ரெண்டுமே ஸ்கூல் வயசு. அந்தக் கம்பில குத்தி வச்ச கறி வெளிப்பக்கம் மட்டும்தான் வேகும், வெந்ததச் சீவிச் சீவிக் குடுக்கணும். கூட்டம் ஜாஸ்தியானா வேகறதுக்கு முன்னாடியே சீவுவாங்க, உள்பக்கம் பச்சைக்கறி. ராத்திரி அடுப்ப அணைச்சுட்டு மிச்சத்த மறுநாளுக்கு ஏத்துற கடையும் இருக்கு. அதுக்கு மேல பச்சமுட்டை மயோனைஸ். அந்த பச்சமுட்டை மயோனைஸ 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு ஒரு வருசத்துக்குத் தடை பண்ணுச்சு, என்னையக் கேட்டா நிரந்தரமாவே பண்ணணும். சீவுன கறிய தோசைக்கல்லுல போட்டு இன்னொரு தடவ வதக்கித் தரச் சொல்லுங்க, முகம் சுளிச்சா வாங்காதீங்க.

எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சற எண்ணெயில கெட்டுப்போன பாகம் 25 சதவீதத்த தாண்டுனா கொட்டணும்னு 2018 ஜூலைல இருந்து சட்டம். அதுக்கு மீட்டர் இருக்கு, உங்ககிட்ட இருக்காது. கண்ணால பாருங்க, எண்ணெய் கறுத்து நுரை கட்டிட்டு நின்னா, சட்டில இருந்து கண்ணெரியற மாதிரி புகை வந்தா அங்க பஜ்ஜி வேணாம். பழைய எண்ணெய் மேலயே புதுசு ஊத்துனா பாக்க தெளிஞ்ச மாதிரி இருக்கும், கெட்டது கெட்டதுதான். பேப்பர்ல வடைய வச்சு அமுக்கி எண்ணெய் எடுக்கறது வேற, அச்சு மை பூரா வடையில எறங்கும், செய்தித்தாள்ல உணவு கட்டவே கூடாதுன்னு விதி இருக்கு. அப்புறம் கொதிக்கற சாம்பார பிளாஸ்டிக் கவர்ல கட்டறது. எங்க கடைக்கு வர்ற எல்லாத்துகிட்டயும் தூக்குவாளி கொண்டாங்கன்னு போர்டு வச்சிருக்கேன், கொண்டாந்தா ஒரு கரண்டி கூட ஊத்துவேன், இப்ப பாதிப் பேரு கொண்டார்றாங்க.

கூட்டம் இருக்கற கடை நல்ல கடைன்னு சொல்றது பாதிதான் சரி. பொருள் தேங்காது, அது உண்மை. ஆனா கை கழுவற எடத்தப் பாருங்க, டம்ளர் முக்கி எடுக்கற அண்டாவப் பாருங்க, காசு வாங்குன கையே புரோட்டாவப் பிச்சுப் போடுதான்னு பாருங்க. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் சுவத்துல இருக்கணும், தள்ளுவண்டிக்கும் பதிவு உண்டு. புகார் சொல்லணும்னா உணவுப் பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப் 94440 42322. கடைக்காரனா இருந்துட்டு நானே நம்பர் குடுக்கறேன்னு நெனைக்காதீங்க, சுத்தமா நடத்தறவனுக்கு அதனால நட்டமே இல்ல.

ரெண்டு புள்ளைக்காரி (விழுப்புரம்)

மாஸ்டர் அண்ணே நன்றி, வதக்கித் தரச் சொல்றது நல்ல யோசன. நான் பஞ்சுமிட்டாய் கலருக்கு ரொம்பப் பயந்துட்டேன், 2024ல பாண்டிச்சேரில தடை பண்ணி அப்புறம் இங்கயும் தடை பண்ணப்ப புள்ளைங்க அழுதுச்சுங்க. ரோடமின் பி துணிக்குப் போடற சாயம்னு எடுத்துச் சொன்னேன், பெரியவ புரிஞ்சுக்கிட்டா. இப்ப பளிச்சுனு ரோஸ் கலர்ல எதப் பாத்தாலும் அவளே வேணாங்கறா.

என்னோட விட்டுக்குடுக்காத விஷயம் ஸ்கூல் வேன். 2012ல தாம்பரம் பக்கத்துல ஸ்கூல் பஸ் ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் பாப்பா விழுந்துச்சே, அப்ப எனக்கு கல்யாணம் கூட ஆகல, ஆனா அந்த நியூஸ் இன்னிக்கும் மறக்கல. அதுக்கப்புறம்தான் ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனி விதியே வந்துச்சு. எங்க புள்ளைங்க போற வேன்ல போன வருஷம் உதவியாளர நிறுத்திட்டாங்க, டிரைவர் ஒருத்தர்தான், எறக்கி விட்டுட்டு ரிவர்ஸ் எடுக்கறாரு, பின்னாடி எல்கேஜி புள்ள நிக்குதான்னு யாரு பாக்கறது? நாங்க ஏழு அம்மாங்க சேந்து போயி பேசுனோம். மொதல்ல செலவுன்னாங்க. மாசம் கொஞ்சம் கூடக் குடுக்கறோம், ஆள் இல்லாம புள்ளைங்கள அனுப்ப மாட்டோம்னு மூணு நாள் நாங்களே கொண்டு போயி விட்டோம், நாலாம் நாள் ஒரு அக்காவப் போட்டாங்க. 2025 ஜூலைல கடலூர் பக்கம் செம்மங்குப்பம் ரயில்வே கேட்ல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதுனதுல இருந்து அந்த அக்காகிட்ட இன்னொண்ணும் சொல்லிருக்கோம், கேட்டு தொறந்தே இருந்தாலும் எறங்கி ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் வேன விடணும்னு.

ஒயர்மேன் (கோவை)

கரண்டுக்கு நான் சொல்றனுங்க. வீட்டுல எம்சிபி, அதான் லோடு கூடுனா தானா விழுகற சுச்சு, இருக்குதுங்க, பயமில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. எம்சிபி ஒயரத்தாங்க காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது. ஆளக் காப்பாத்தறது ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர், கரண்டு ஒடம்பு வழியா பூமிக்குக் கசிஞ்சா கண்ணிமைக்கறதுக்குள்ள கட் பண்ணீரும். அதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுத்துங்க, விழுகலைன்னா மாத்துங்க. அடிக்கடி விழுகுதுன்னு அத எடுத்துட்டு நேராக் குடுக்கச் சொல்றாங்க, நான் செய்ய மாட்டன், விழுகுதுன்னா எங்கியோ கசியுதுன்னு அர்த்தம், அதத்தான் தேடோணும்.

பக்கெட்டுல போடற ஹீட்டர் காயில், சுச்ச ஆஃப் பண்ணிப் பிளக்கப் புடுங்காம தண்ணி சூடாயிருச்சான்னு கைய விடவே கூடாது. துணி காயப்போடற கம்பிய ஈபி போஸ்ட்லயும் தகரக் கூரையிலயும் கட்டறத இன்னைக்கே அவுத்து பிளாஸ்டிக் கயிறு கட்டுங்க. திருவிழாவுக்கு இரும்புக் கம்பத்துல சீரியல் பல்பு கட்டறப்ப ஜாயிண்டெல்லாம் டேப்பு சுத்தியிருக்குதான்னு பாருங்க, மழ பேஞ்சா கம்பம் பூரா கரண்டு. ஒயர் அறுந்து கெடந்தா பக்கத்துல போகாம மின்வாரிய நம்பர் 94987 94987க்கு அடிங்க. யாரையாச்சும் ஷாக் புடிச்சுக்கிட்டா இழுக்காதீங்க, மெயின ஆஃப் பண்ணுங்க. புருசன இழுக்கப் போயி பொண்டாட்டி, ரெண்டு பேரையும் இழுக்கப் போயி மகன்னு ஒரே வீட்டுல போனதப் பாத்திருக்கன்.

கேஸுக்கு ஒரு வார்த்தை, டியூப் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும், தேதி அதுமேலயே இருக்கும். கேஸ் வாடை வந்தா சுச்சத் தொடாதீங்க, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், ரெகுலேட்டர மூடிட்டு சன்னலத் தொறந்துட்டு வெளிய வந்து கேஸ் அவசர நம்பர் 1906க்கு அடிங்க.

வியாசர்பாடி

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க, ஆனா படிக்க படிக்க எனக்கு கோவம் வருது, அதையும் சொல்லிடறேன். எல்லாமே நம்மதான் பாத்துக்கணுமா? எங்க ஏரியாவுல மழ பேஞ்சா முட்டி வரைக்கும் தண்ணி, மழைநீர் வடிகாலுக்கு தோண்டுன பள்ளம் எங்க முடியுது ரோடு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, நான் ஹெல்மெட் போட்டு பட்டை மாட்டி இருவதுல போனா மட்டும் அந்தப் பள்ளம் மூடிக்குமா? 2019ல பள்ளிக்கரணைல ஸ்கூட்டில ஒழுங்கா ஹெல்மெட்டோட போயிட்டிருந்த பொண்ணு மேல பேனர் விழுந்து பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறுச்சே, அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணா? மதுரை அண்ணன் அவரையே குத்தஞ்சொல்லிக்கறாரு. அண்ணே, கோடு போடாதவன் எவனும் உங்கள மாதிரி மூணு வாரமா தூங்காம இருக்க மாட்டான். அத மறந்துடாதீங்க.

என் வழக்கம் என்னன்னா, தொறந்த மூடி, தோண்டிட்டு தடுப்பு வைக்காத பள்ளம் எதப் பாத்தாலும் அங்கயே நின்னு போட்டோ எடுத்து மாநகராட்சி நம்பர் 1913க்கு சொல்லி புகார் நம்பர் வாங்கிப்பேன். நாலு நாள்ல ஆகலைன்னா அதே நம்பர வச்சு திரும்ப. வேலைக்கு லேட்டாதான் போவேன், பரவால்ல. மூடற வரைக்கும் எங்க தெரு பசங்க அந்த பள்ளத்துல ஒரு மரக்கொம்ப நட்டு செவப்பு துணி கட்டி வச்சிடுவாங்க.

கேசுவால்ட்டி சிஸ்டர் (தஞ்சாவூர்)

நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து எல்லாத்தையும் படிச்சேன். வைகைக்கரை சார், அந்த புரோட்டா கடைத் தம்பி செஞ்சது அவ்வளவும் சரி. துணிய வச்சு அமுத்திப் பிடிச்சது, எடுத்து எடுத்துப் பாக்காம இருந்தது, 108க்கு அடிச்சது. எங்ககிட்ட வர்ற பாதி கேஸ்ல வாயில தண்ணி ஊத்திக் கொண்டு வர்றாங்க, சோடா அடிக்கறாங்க, நினைவு இல்லாதவங்களுக்குத் தண்ணி ஊத்துனா அது மூச்சுக்குழாய்லதான் போகும். அடிபட்டவங்கள ரெண்டு பேரு கையையும் காலையும் தூக்கி ஆட்டோல மடக்கிப் போட்டு எடுத்துட்டு வர்றது இன்னொண்ணு, கழுத்தெலும்பு விலகியிருந்தா அந்த ஒரு தூக்குலயே கை கால் வராம போயிடும். மூச்சு விட்டுட்டு இருந்தா, ரத்தத்த மட்டும் நிறுத்திட்டு, தலைய ஆடாம பிடிச்சுட்டு ஆம்புலன்ஸ் வர வரைக்கும் காத்திருங்க.

போலீஸ் கேஸ்ல மாட்டிப்போம்னு நிக்காம போறவங்களுக்குச் சொல்றேன், உதவி பண்ணவங்கள பேரு அட்ரஸ் சொல்லுன்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 2016ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துலயே வந்திருச்சு. பணத்துக்கும் தயங்க வேணாம், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்மைக் காக்கும் 48 திட்டத்துல, அந்தத் திட்டத்துல சேந்திருக்கற ஆஸ்பத்திரிகள்ல மொத 48 மணி நேர சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரரா இருந்தாலும்.

இன்னொண்ணு யாரும் சொல்லல, தெருநாய். கடிச்சாலும் சரி, பல்லு லேசாக் கீறுனாலும் சரி, குழாயத் தொறந்து விட்டு சோப்புப் போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவணும், மணி பாத்துக் கழுவணும். மிளகாப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேணாம். அன்னைக்கே ஊசி, அப்புறம் சொன்ன தேதிக்கெல்லாம் முழுசா ஊசி. ஜிஹெச்ல இலவசம். ரெண்டு ஊசி போட்டுட்டு காயம் ஆறிருச்சுன்னு வராம விட்டவர ஒரு தடவ பாத்தேன், தண்ணி டம்ளரக் காமிச்சாலே தொண்டைய இழுத்துச்சு அவருக்கு. வெறி நோய் வந்த அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது, அதுக்கு முன்னாடின்னா முழுசா தடுத்திரலாம். அதனாலதான் வீட்டுக்கு வீடு கெஞ்சுறேன்.

பறக்கும் ரயில் (சென்னை)

சிஸ்டர், குழந்தைங்க ஹெல்மெட் பத்தியும் ஒரு வரி சேத்துக்கறேன். நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம், அதுக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்கு 2023 பிப்ரவரில இருந்து ஓட்டறவரோட சேத்துக் கட்டற பெல்ட்டும் சின்ன ஹெல்மெட்டும் வேணும், வண்டி நாப்பத தாண்டக்கூடாது. பெட்ரோல் டேங்க் மேல உக்கார வச்சுட்டுப் போறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க, பிரேக் அடிச்சா மொத அடி அந்தக் குழந்தையோட நெத்திக்குத்தான்.

வைகைக்கரை (மதுரை)

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நான் நெனைக்கல. வியாசர்பாடித் தம்பி எழுதுனதப் படிச்சுட்டு அம்மாகிட்ட சத்தமா வாசிச்சுக் காமிச்சேன், ஒண்ணும் பேசல, என் தலையத் தடவிக் குடுத்தாங்க.

ஞாயித்துக்கெழம அந்த ஊருக்குப் போயிருந்தேன். புரோட்டா கடைத் தம்பியப் பாத்து புதுத் துண்டு ஒண்ணு குடுத்தேன், வாங்க மாட்டேன்னான், அம்மா குடுத்து விட்டதுன்னு சொன்ன பெறகு வாங்கிக்கிட்டான். அவன் அந்தக் கடைக்கு வந்து ஒரு வருசம்தான் ஆகுதாம், அந்த மேட்டுல அம்மாவோட சேத்து அஞ்சு பேரு விழுந்து பாத்திருக்கானாம். எனக்கு வயிறு கலங்கிருச்சு. புதுக்கோட்டை அக்கா சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. டவுனுக்குப் போயி வெள்ளப் பெயிண்டு வாங்கிட்டு வந்தோம், இன்ஜினியர் சார் சொன்ன மின்னுற பெயிண்டு கடையில கெடைக்கல, சாதாரணதுதான். கடை ஓனரு, டீ மாஸ்டரு, ரெண்டு காலேஜ் பசங்க, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளு நிக்க வச்சு வண்டிய நிறுத்தி நிறுத்தி அடிச்சோம். பஞ்சாயத்துல பேசி அடுத்த கிராம சபைல சரிவு நீட்டுறதுக்குத் தீர்மானம் போடறோம்னு சொல்லிருக்காங்க, மனு நகலுக்கு நானும் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன், திங்கக்கிழமை லீவு போட்டு அந்தத் தம்பிய கூட்டிட்டுப் போயி குடுக்கப் போறேன்.

அம்மாவுக்கு ஹெல்மெட் பாத்தாச்சு. தலை சின்னது, 560 சைஸ் சரியா பிடிக்குது, 580 ஆடுது. கொண்டை போட்டா உள்ள போக மாட்டேங்குதுன்னு கடைல சடச்சுக்கிட்டாங்க, அப்புறம் அங்க வேல பாக்குற பொண்ணே கொண்டைய அவுத்து கழுத்துக்கிட்ட தாழப் பின்னி விட்டுச்சு, இப்ப சரியா இருக்கு. ரெண்டு பக்கம் கால் போட்டு உக்கார சேலையில வசதிப்படல, பின்னாடி கைப்பிடி கம்பி ஒண்ணு மாட்டச் சொல்லிருக்கேன், கைல பை இருந்தா முன்னாடி கொக்கில மாட்டிரணும்னு பேசி வச்சிருக்கோம்.

காறை எலும்பு கூட இன்னும் மூணு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லிருக்காரு. வியாழக்கெழம மறுபடி காமிக்கணும், அதுவரைக்கும் ஆட்டோதான்.